எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்கவில்லை. வாங்கிய கேம்கள் என்ன ஆகும்?

தமிழக-கேரள எல்லையோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் செல்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் பழைய கேம் கன்சோல்களையும் வாங்கி விற்கிறார்கள். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பிளேஸ்டேஷன் 4. பக்கத்தில் நீல உறை போட்ட டிஸ்குகள் வரிசையாக. கீழ்த்தட்டில் வெள்ளைப் பெட்டியாக ஒரு எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ். அதன் வட்டமான கறுப்புச் சல்லடைக்கு மேல் ஒட்டிய விலைச் சீட்டில் இரண்டு தொகைகளை அடித்துவிட்டு மூன்றாவது எழுதியிருக்கிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்த மாணவர் ஒருவர் அதைக் கையில் எடுத்ததுமே கடைக்காரர் சொல்லிவிட்டார்: “தம்பி, விலையை இன்னும் குறைத்துத் தருகிறேன். ஆனால் திருப்பிக் கொண்டுவந்தால் எடுக்க மாட்டேன்.”

2025-இல் வந்த செய்திகளும் அவருடைய தயக்கத்துக்குத் தோதாகவே இருந்தன. எக்ஸ்பாக்ஸின் விலை அமெரிக்காவில் ஒரே ஆண்டில் இருமுறை ஏறியது. மாதச் சந்தா ஏறியது. இத்தனை காலம் எக்ஸ்பாக்ஸின் கொடியாக இருந்த ‘ஹேலோ’ கேம் வரிசை பிளேஸ்டேஷனுக்குப் போகிறது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அக்டோபரில் அறிவித்தது. ‘எக்ஸ்பாக்ஸை மூடப்போகிறார்களா?’ என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஒரே பெயரில் மூன்று பொருள்கள் உலவுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்: தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் பெட்டி, அதற்காக கேம் தயாரிக்கும் நிறுவனம், நாம் காசு கொடுத்து வாங்கி நம் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் கேம்களின் தொகுப்பு. மூன்றின் தலைவிதியும் ஒன்றல்ல.

கன்சோல் வியாபாரம் எப்படி நடக்கிறது?

கேபிள்காரர் செட்டாப் பாக்ஸைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்துவிட்டு மாதாமாதம் கட்டணம் வாங்குவதைப் போன்றதுதான் கன்சோல் வியாபாரம். எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் எந்தக் காலத்திலும் லாபம் பார்த்ததில்லை என்று 2021-இல் அமெரிக்க நீதிமன்றமொன்றில் மைக்ரோசாஃப்ட் அதிகாரியே சாட்சியம் சொன்னார். ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை கைக்காசு போடுகிறோம் என்று 2022-இல் அப்போதைய தலைவர் பில் ஸ்பென்சர் ஒப்புக்கொண்டார்.

போட்ட காசு திரும்பி வரும் வழி கடை. எக்ஸ்பாக்ஸ் ஆன்லைன் கடையில் ஒரு கேம் விற்றால் வழக்கமாக 30 விழுக்காடு மைக்ரோசாஃப்டுக்குப் போகும். அதனால்தான் எத்தனை வீடுகளில் பெட்டி இருக்கிறது என்பது உயிர்நாடியான எண். வீடுகள் குறைந்தால் தரகும் குறையும். தரகை விட ஆபத்தானது இன்னொன்று உண்டு: வேறு நிறுவனங்கள் இந்தப் பெட்டிக்காக கேம் தயாரிப்பதையே தள்ளிப்போடத் தொடங்கும். கேம் வராவிட்டால் பெட்டியை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்காவிட்டால் கேம் வராது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது: பிரத்யேக கேம். அதாவது ஒரு கன்சோலில் மட்டும் கிடைத்து மற்றதில் கிடைக்காத கேம். எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோபாலபுரத்திலோ வாளையாற்றிலோ எல்லைக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்ததும் லாட்டரிக் கடைகள் வரிசை கட்டி நிற்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத்தில் அரசே நடத்துகிறது. அந்தக் கடைகளுக்கு அந்த இடம்தான் மூலதனம். நாளைக்கே பொள்ளாச்சியிலும் லாட்டரி விற்கலாம் என்று ஆணை வந்தால், டிக்கெட் செல்லும், குலுக்கலும் நடக்கும். எல்லையில் நிற்கும் கடைக்கு மட்டும் காரணம் போய்விடும். ஒரு பெட்டியின் பிரத்யேக கேம் மற்றதிலும் கிடைத்தால் அந்தப் பெட்டிக்கும் இதே கதிதான்.

எண்கள் சொல்வது

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி விற்றது. எதிரில் இருந்த பிளேஸ்டேஷன் 2, 15 கோடியைத் தாண்டியது. 2005-இன் எக்ஸ்பாக்ஸ் 360 மட்டுமே சரிசமமாக நின்று மோதியது: சுமார் 8.4 கோடி. அதிலும் சூடேறிச் செயலிழந்து சிவப்பு விளக்கு எரியும் கோளாறுக்காக 2007-இல் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. 2013-இன் எக்ஸ்பாக்ஸ் ஒன் எவ்வளவு விற்றது? 2015-க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் கன்சோல் எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டது. விளைச்சல் நன்றாக இருக்கும் ஆண்டில் யாரும் மூட்டைக் கணக்கை மறைப்பதில்லை. 2022-இல் பிரேசில் நாட்டின் போட்டி ஆணையத்துக்குக் கொடுத்த ஆவணத்தில்தான், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தங்களைப் போல இருமடங்குக்கு மேல் விற்றது என்று ஒப்புக்கொண்டார்கள். பிளேஸ்டேஷன் 4-இன் கணக்கு 11.7 கோடி.

இப்போதைய தலைமுறையான சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் இரண்டும் 2020 நவம்பரில் வந்தவை. இவற்றுக்கும் அதிகாரபூர்வ எண்ணிக்கை கிடையாது. பிளேஸ்டேஷன் 5 மட்டும் 2025 செப்டம்பர் முடிய 8.42 கோடி. அதே ஜூலை-செப்டம்பர் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் வன்பொருள் வருவாய் முந்தைய ஆண்டைவிட 29 விழுக்காடு விழுந்தது.

வேர் 2013-இல் இருக்கிறது

இந்தச் சரிவை 2020-இன் பெட்டியை வைத்து மட்டும் விளக்கினால் பாதிக் கதைதான் தெரியும். எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது கினெக்ட் என்ற கேமராவையும் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் விலை வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 4 விலை 399. இணையத்தில் அடிக்கடி தலைகாட்டாவிட்டால் பெட்டி ஓடாது, பழைய டிஸ்கை இன்னொருவருக்குக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றும் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2013 ஜூனிலேயே அந்த விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். விலையும் கேமராவும் அப்படியே இருந்தன.

ஒரு தலைமுறையில் தோற்றால் அடுத்ததில் ஜெயிக்கலாம் என்பதுதான் அதுவரை இந்தத் துறையின் வழக்கம். இம்முறை அது நடக்கவில்லை. ஏன் என்பதை 2023-இல் ஸ்பென்சரே ஒரு நேர்காணலில் சொன்னார்: எந்தத் தலைமுறையில் தோற்கவே கூடாதோ அதில் தோற்றோம்; மக்கள் தங்கள் டிஜிட்டல் கேம் தொகுப்பைக் கட்டியெழுப்பியது அந்தத் தலைமுறையில்தான் என்றார். தோல்விக்கு இதைவிட நேர்மையான விளக்கம் அந்த நிறுவனத்திடமிருந்து வந்ததில்லை.

இதன் பொருளை எல்லையோர வேலந்தாவளத்துக்காரர்கள் செல்பேசி எண்ணை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பொள்ளாச்சியில் வாங்கிய சிம் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம். சித்தூர் தாலுகாவில் வாங்கியது கேரள வட்டம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே செல்பேசி எதிர்ப்பக்கக் கோபுரத்தைப் பிடித்து ரோமிங் காசு கழிந்த காலம் ஒன்று இருந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்தது. ஆனால் ஒரே வட்டத்துக்குள் மட்டும். வட்டம் தாண்டி எண்ணைக் கொண்டுபோக 2015 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மணம் முடித்து எல்லை தாண்டிப் போன பெண்ணோ, கடையை அந்தப் பக்கம் மாற்றிய வியாபாரியோ, ரோமிங்கைச் சகித்துக்கொள்ள வேண்டும் அல்லது எல்லோரிடமும் புது எண் சொல்ல வேண்டும்.

கேம் தொகுப்புக்கு இன்றுவரை அந்த வசதி வரவில்லை. பிளேஸ்டேஷன் கடையில் ஐம்பது கேம் வாங்கியவர் எக்ஸ்பாக்ஸுக்கு மாறினால் ஐம்பதையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இன் கேம்கள் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 5-இல் அப்படியே ஓடுகின்றன. கூட விளையாடும் நண்பர்களும் அந்தப் பக்கமே இருக்கிறார்கள். கொஞ்சம் வேகமான பெட்டி என்பதற்காக யார் இதையெல்லாம் விட்டுவிட்டு மாறுவார்கள்?

இந்தத் தலைமுறையில் கூடுதலாக நடந்தவை

1. இரண்டு பெட்டிகள், ஒரே விதி. விலை குறைந்த சீரீஸ் எஸ்-இல் நினைவகம் 10 ஜிபி. சீரீஸ் எக்ஸ்-இல் 16. எந்த கேமும் இரண்டிலும் ஓட வேண்டும் என்பது விதி. ‘பால்டர்ஸ் கேட் 3’ 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. இருவர் திரையைப் பிரித்து விளையாடும் வசதியை சீரீஸ் எஸ்-இல் கொண்டுவர முடியாமல் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு டிசம்பருக்குப் போனது; கடைசியில் எஸ்-க்கு மட்டும் அந்த வசதியை விட்டுவிட்டார்கள். சீன நிறுவனம் தயாரித்த ‘பிளாக் மித்: வூகாங்’ ஓராண்டு தாமதமாக வந்தது.

2. கேம் பாஸ். மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுவது போன்ற சந்தா. 2017-இல் தொடங்கியது, 2024 பிப்ரவரியில் 3.4 கோடிச் சந்தாதாரர்கள் என்றார்கள். வாடிக்கையாளருக்கு நல்ல பேரம்தான். ஆனால் மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர் தனியாகக் காசு கொடுத்து வாங்குவதைக் குறைத்துக்கொள்வார் என்பது எந்த மெஸ்காரருக்கும் தெரியும். 2025 அக்டோபரில் இதன் உயர்நிலைச் சந்தா அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக ஒரே தாவலில் ஏறியது.

3. கொள்முதல். கேம் தயாரிப்பு நிறுவனமான பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கும், ‘கால் ஆஃப் டூட்டி’ தயாரிக்கும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கும் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இரண்டாவது கொள்முதல் 2023 அக்டோபரில் முடிந்தது. கதையின் திருப்பம் இங்கேதான். போட்டி ஆணையங்களின் எதிர்ப்புக்கு நடுவே, ‘கால் ஆஃப் டூட்டி’ பத்தாண்டுகளுக்கு பிளேஸ்டேஷனிலும் வரும் என்று சோனியுடன் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு, தோற்றுக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் மட்டும் விற்று அதை மீட்க முடியாது. 2024-இல் நான்கு கேம்களை எதிர்முகாமுக்கு அனுப்பினார்கள். 2025 ஏப்ரலில் ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’, ஆகஸ்டில் ‘கியர்ஸ் ஆஃப் வார்’, பிறகு ‘ஹேலோ’ அறிவிப்பு. பொள்ளாச்சியிலேயே லாட்டரி கிடைக்கத் தொடங்கிவிட்டது.

4. விலை. கன்சோல் வயதாக ஆக மலிவாகும் என்பது முப்பதாண்டுப் பழக்கம். சீரீஸ் எக்ஸ் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்து, 2025 மே மாதம் 599.99 ஆகி, அக்டோபரில் 649.99 ஆனது. 299 டாலருக்கு வந்த சீரீஸ் எஸ் 399.99 ஆனது. சோனியும் விலை ஏற்றியது உண்மைதான். ஆனால் முன்னால் ஓடுகிறவர் மூச்சு வாங்குவதும் பின்னால் ஓடுகிறவர் மூச்சு வாங்குவதும் ஒன்றாகிவிடாது.

பாலக்காடு-கோவை வட்டாரத்தில் இது எப்படித் தெரிகிறது?

இந்தியாவில் எக்ஸ்பாக்ஸுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று வாய்த்தது. 2020 நவம்பர் 10 அன்று, உலகோடு ஒரே நாளில், சீரீஸ் எக்ஸ் 49,990 ரூபாய்க்கும் சீரீஸ் எஸ் 34,990 ரூபாய்க்கும் இங்கே வந்தன. பிளேஸ்டேஷன் 5 வந்தது 2021 பிப்ரவரி 2 அன்று. மூன்று மாதம் தனிக்காட்டு ராஜாவாக இருந்திருக்கலாம். வரியும் இறங்கியிருந்தது: கன்சோலுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. 2017-க்கு முன் வாளையாற்றின் இருபுறமும் வரி வேறு, சோதனைச்சாவடி வேறு. இப்போது கோவையில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் வரி ஒன்றே.

ஆனாலும் இங்கே கன்சோல் பழக்கத்தைத் தாங்கி நிற்பது டிஸ்க். கோவையில் ஒருவர் புதிதாக வாங்கும் கால்பந்து கேம் டிஸ்க், அவர் முடித்ததும் பாதி விலைக்குக் கைமாறி, கொழிஞ்சாம்பாறைக் கடைக்கு வந்து, சித்தூரில் யாரோ ஒருவரிடம் போய், மறுபடி கடைக்கே திரும்பும். நாலாயிரம் ரூபாய் கேமை நாலு பேர் சேர்ந்து விளையாடும் ஏற்பாடு இது. சீரீஸ் எஸ்-இல் டிஸ்க் போடும் துளையே கிடையாது. இந்தியக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குப் பொருந்தும் மலிவான பெட்டி எதுவோ, அதுதான் இந்தியப் பழக்கத்துக்குப் பொருந்தாத பெட்டியாக அமைந்துவிட்டது. வீடு தவறாமல் கையில் செல்பேசியும் அதில் இலவச கேம்களும் இருக்கும் ஊரில், இந்தப் பிழை சின்னதாகத் தெரியலாம். பழைய பொருள் கடைக்காரருக்கு அப்படியில்லை: டிஸ்க் இல்லாத பெட்டி அவருக்கு ஒருமுறை வியாபாரம், டிஸ்க் உள்ள பெட்டி வாராவாரம் வியாபாரம்.

முன்பு விழுந்த பெட்டிகள்

சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் 1998-இல் ஜப்பானில் வந்தது. சுமார் 91 லட்சம் மட்டுமே விற்று, 2001-இல் உற்பத்தி நின்றது. சேகா கன்சோல் தொழிலை விட்டே விலகி, நேற்றுவரை எதிரியாக இருந்த நிண்டெண்டோவின் பெட்டிகளுக்கு கேம் தயாரிக்கத் தொடங்கியது. இன்றும் கேம் நிறுவனமாக இருக்கிறது.

நிண்டெண்டோவின் வீ யூ 2012-இல் வந்தது, சுமார் 1.36 கோடியோடு 2017-இல் நின்றது. ஆனால் அதன் கேம்கள் சாகவில்லை. வீ யூ-வில் சுமார் 85 லட்சம் பிரதிகள் விற்ற ‘மரியோ கார்ட் 8’, அடுத்த பெட்டியான சுவிட்சில் கொஞ்சம் மெருகேற்றி விட்டதும் 6 கோடியைத் தாண்டியது. வீ யூ வாங்கியவர்களோ சுவிட்சுக்காக அதே கேமை மறுபடி காசு கொடுத்து வாங்கினார்கள். வீ யூ-வின் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் பூட்டப்பட்டது.

நிறுவனம் பிழைத்ததா என்று பார்த்தால் இரண்டும் நல்ல முடிவுள்ள கதைகள். பெட்டி வாங்கியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இனி என்ன?

மைக்ரோசாஃப்ட் அடுத்த கன்சோலைக் கைவிடவில்லை. 2025 ஜூனில் சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்துடன் பல ஆண்டுக் கூட்டணியை அறிவித்தது. புதிய கருவிகளில் பழைய கேம்களும் ஓடும், ஒரே கடைக்குள் கட்டுப்பட்டிருக்காது என்றும் சொன்னது. அக்டோபரில் ஏசூஸ் தயாரித்து எக்ஸ்பாக்ஸ் பெயர் தாங்கிய கைக்கருவிகள் வந்தன. அமெரிக்க விலை 599.99 டாலரும் 999.99 டாலரும். உள்ளே இருப்பது விண்டோஸ். நவம்பரில் இந்தியாவுக்கு எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் வந்தது: கேம் தொலைவில் உள்ள சர்வரில் ஓடும், படம் மட்டும் நம் திரைக்கு வரும், நல்ல ஃபைபர் இணைப்பும் சந்தாவும் இருந்தால் பெட்டியே வேண்டாம்.

‘ஒரே கடைக்குள் கட்டுப்பட்டிருக்காது’ என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கேட்க இனிப்பான வாக்கு. ஆனால் வாடிக்கையாளர் வேறு கடையில் கேம் வாங்கலாம் என்றால் 30 விழுக்காடு அந்தக் கடைக்குப் போகும். அப்புறம் பெட்டிக்கு 200 டாலர் கைக்காசு போட மைக்ரோசாஃப்டுக்கு என்ன பைத்தியமா? எனவே அடுத்த எக்ஸ்பாக்ஸ் வந்தால், தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கத்தக்க விலையுயர்ந்த விண்டோஸ் கணினியாகவே அது இருக்க வாய்ப்பு அதிகம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து அவற்றின் விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. அள்ளுகிற பெரும் நிறுவனங்களில் மைக்ரோசாஃப்டும் ஒன்று. 34,990 ரூபாய்க்கு ஒரு வெள்ளைப் பெட்டி என்ற காலம் திரும்பி வரும் என்று தோன்றவில்லை.

வைத்திருப்பவரும் வாங்க நினைப்பவரும் பார்க்க வேண்டியவை

1. இருக்கிற பெட்டி திடீரென்று நிற்காது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ஆனால் அதற்கு முன் வாங்கியவற்றை மறுபடி பதிவிறக்கம் செய்ய வழி விட்டார்கள். கேம்களைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்டின் பழைய நடத்தை மோசமில்லை. மின்னூல் விஷயத்தில் அப்படி இல்லை: 2019-இல் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்களும் வாசகர் கணக்கிலிருந்து மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2. கேம் பாஸில் விளையாடுவது எதுவும் உங்கள் சொத்தில்லை. சந்தா நின்றால் கேமும் நிற்கும்.

3. இனி காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், ‘எக்ஸ்பாக்ஸ் பிளே எனிவேர்’ குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஒருமுறை வாங்கினால் கன்சோலிலும் விண்டோஸ் கணினியிலும் ஓடும் ஏற்பாடு இது; 2016 முதல் இருக்கிறது. பெட்டி போனாலும் கணினியில் கேம் மிஞ்சும்.

4. பழைய பெட்டி வாங்கும்போது அதற்குள் தெரியும் கேம்களுக்கு விலை கொடுக்கக் கூடாது. அவை பெட்டியோடு வருவதில்லை. முன்னாள் உரிமையாளரின் கணக்கோடு போய்விடும்.

கடைசியாகச் சொன்னதை கொழிஞ்சாம்பாறைக் கடையில் நேரிலேயே பார்க்க முடிந்தது. கடைக்காரர் அந்த சீரீஸ் எஸ்-ஐத் திரையில் இணைத்ததும் முப்பதுக்கு மேற்பட்ட கேம்களின் படங்கள் கட்டம் கட்டமாக எழுந்தன. கார் பந்தயம் ஒன்று உடனே திறக்கவும் செய்தது. மாணவரின் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியை விற்றவர் துபாய்க்குப் போனவர். தன் கணக்கை நீக்காமல், இதையே தன் ‘வீட்டுக் கன்சோல்’ என்று குறித்தபடி விட்டுப் போயிருந்தார். அந்தக் குறி இருக்கும்வரை பெட்டியில் யார் உட்கார்ந்தாலும் அவருடைய கேம்கள் திறக்கும். துபாயில் அவர் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி அதை ‘வீடு’ என்று மாற்றிய நிமிடத்தில் இங்கே எல்லாவற்றுக்கும் பூட்டு விழும்.

“அவர் மாற்றாமலே இருந்தால்?” என்று கேட்டார் மாணவர்.

கடைக்காரர் பதில் சொல்லாமல் அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அழுத்தினார். சில நிமிடங்களில் திரை வெறுமையாகி, புதிய கணக்கின் மின்னஞ்சலைக் கேட்டு நின்றது. மாணவர் மேல்தட்டில் இருந்த பிளேஸ்டேஷன் 4-இன் விலையை விசாரித்தார்.